நாலாவது சீல்

லாரியின் பின் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலிலிருந்து ஆயில் ஒழுகிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் இசக்கிமுத்து ஒழுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் புதிதாகத் தட்டிப் பொருத்தினார்.

"இனி ஒரு சொட்டு வெளியே போகாது" என்றது சீல்.

"முன்னால வந்த மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க" என்றது உள்ளேயிருந்த பல்சக்கரம்.

மலைப்பாதை ஏற ஏற டிஃபரன்ஷியல் கொதித்தது. சூடான காற்று போக வழியில்லாமல் ஆயிலைச் சீலின் மேல் தள்ளியது. சீல் தன் ரப்பர் உதட்டை இறுக்கிக்கொண்டே, பெட்டியின் உச்சியில் உட்கார்ந்திருந்த காற்றுத் துளை மூடியான பிரீதரைப் பார்த்துக் கத்தியது.

"அண்ணே, காத்தை வெளியே விடுறது உங்க வேலைதானே? கொஞ்சம் வாயைத் திறங்கண்ணே, தாங்க முடியலை!"

வாய் நிறையச் சேறு அடைத்திருந்த பிரீதர் முனகியது: "நேத்து வந்தவன் எனக்குப் பாடம் எடுக்காதே. என் பக்கம் ஒரு சொட்டாவது ஒழுகியிருக்கா?"

அடுத்த கொண்டை ஊசி வளைவில் சீலின் பிடி விட்டுப்போனது.

வண்டி பட்டறைக்குத் திரும்பியதும் இசக்கிமுத்து குனிந்து பார்த்தார். சீல் ஆயிலில் குளித்திருந்தது. பிரீதர் காய்ந்து, கௌரவமாக உட்கார்ந்திருந்தது.

"இதுவும் மட்டமான சரக்கு" என்று சீலை நெம்பியெடுத்துத் தகர டப்பாவில் எறிந்தார்.

அங்கே ஏற்கெனவே மூன்று சீல்கள் கிடந்தன. ஒன்றின் உதட்டிலும் சின்னக் கீறல்கூட இல்லை.