மேசைமேல் ஒரு டப்பா

"போர்ல இஃப்ராவோட மூளை குழம்பியிருக்கு. நாளையிலேருந்து தனி வகுப்புதான்," என்றார் லிண்ட்கிரன் டீச்சர்.

மினியாபொலிஸில் எங்கள் சோமாலியப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் மொழிபெயர்ப்பாளர். டீச்சர்கள் பேசுவதில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் தாய்மார்களிடம் சொல்வேன். முழுதாகச் சொன்னால் இங்கேயும் போர் வெடிக்கும்.

"அப்படி என்ன பண்ணிட்டா?"

"தினமும் ரெண்டு டப்பா கொண்டுவரா. ஒண்ணைச் சாப்பிட்டுட்டு இன்னொண்ணை என் மேசையிலேயே மறந்துட்டுப் போறா. நான்தான் ஓடிப்போய் அவ பையில திணிக்கிறேன்."

வரவழைக்கப்பட்டிருந்த இஃப்ராவின் அம்மா சஹ்ராவிடம் டப்பா விஷயத்தை மட்டும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மறக்கலை தங்கச்சி! அது டீச்சருக்குத்தான். ஆட்டுக்கறிச் சோறு, கூட வாழைப்பழம். 'பாவம்மா, டீச்சர் தினம் தனியா உக்காந்து பச்சை இலையை மெல்லுறாங்க'ன்னு வீட்டுல ஒரே அழுகை."

மொழிபெயர்த்தேன்.

"தனி வகுப்பு வேண்டாம்," என்று முனகிய டீச்சர், தன் சாலட் கிண்ணத்தை மெல்ல மறைத்தார்.

சஹ்ரா என் காதருகே குனிந்தாள். "ஆமா, இவங்க எந்த நாட்டுச் சண்டையில தப்பிச்சு வந்தவங்க?"

அதை மட்டும் ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன்.