இடதுபக்கப் பின்கதவு

"எல்லாம் சரிங்க. அந்த இடதுபக்கப் பின்கதவைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க."

அக்கா இப்படிச் சொன்னதும் தம்பிக்குப் பகீரென்றது. ஆரம்பித்துவிட்டாள்!

கார் வாங்க வந்திருந்த பல் டாக்டர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு காலை ஊன்றிக்கொண்டு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிறவர் மாதிரி ஒரு இழு இழுத்தார். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க, வண்டியைக் குடுக்கறதா இல்லை."

ஒரு கையில் சாவியோடு, இன்னொரு கையை இறுக மூடியபடி அக்கா உள்ளே போய்விட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் இதே கதிதான். "விளம்பரம் குடுத்துட்டு விளையாடறீங்களா?" என்று கத்திய பல் டாக்டரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் தம்பிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஷெட்டில் கார் ஒன்றும் தெரியாததுபோல நின்றது. பழைய காலத்துக் கார் மாதிரியே செய்த சின்ன வண்டி. முட்டைக் கண் விளக்குகள், பளபளக்கும் பம்பர், பிஸ்தா பச்சை நிறம். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் தவளை. ஊரில் இந்த மாதிரி இன்னொன்று கிடையாது. அக்காவின் கணவரான மாமா அதை யாரிடமோ பழசாக வாங்கி வந்த நாளிலிருந்தே அந்தக் கதவு திறக்காது. "பின்னாடி உக்கார நமக்கு யார் இருக்கா?" என்பார். அக்காவுக்குக் குழந்தை இல்லை.

ஒருநாள் ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷ வேலை" என்றான் தம்பி.

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

"வாங்க வரவங்களுக்கெல்லாம் பரீட்சை வெச்சா யாரு அக்கா பாஸாவாங்க?"

"பாஸாகறவங்க வருவாங்க."

"என் லீவு முடியப்போகுது. உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்? என்கூட வந்துடுன்னா, வண்டி போனாத்தான் வருவேங்கறே. வண்டியையும் குடுக்க மாட்டேங்கறே. மாமா போயிட்டாருக்கா! இந்தத் தகரத்தைக் கட்டிக்கிட்டு அழுதா திரும்பி வந்துடுவாரா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நான் எங்கடா அழுதேன்?" என்றாள் அக்கா.

அதுதான் அவனைப் பயமுறுத்தியது. சாவு வீட்டில்கூட அவள் அழவில்லை. வாசலில் நின்று, வந்தவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலமானால் இப்போது ஷெட்டுக்குள் போய் அந்தக் காரில் உட்கார்ந்துவிடுகிறாள். இப்படியே விட்டால் அக்காவுக்குச் சித்தம் கலங்கிவிடுமே!

மறுநாள் ஒரு நர்ஸ் வந்தாள். டியூட்டி உடுப்போடு, ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு.

"விளம்பரத்துல படம் பார்த்தேன்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, டயர் எப்படி, ஒன்றும் இல்லை. பானட்டின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

"ஓட்டிப் பார்க்கறீங்களா?" என்றான் தம்பி.

"ஓட்டத் தெரியாதுங்க."

சரிதான், விளங்கிடும் என்று நினைத்துக்கொண்டான் தம்பி. அக்கா வந்தாள். ஒரு கையில் சாவி, இன்னொரு கை வழக்கம்போல மூடியே இருந்தது. வழக்கமான கேள்விக்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்தச் சின்னப் பெண் கையை உதறிக்கொண்டு காரைச் சுற்றி ஓடினாள். இடதுபக்கப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே முஷ்டியால் இரண்டு தட்டு தட்டினாள். இடுப்பால் ஒரு இடி. கைப்பிடியை மேலே தூக்கினாள். கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"ஏய், இறங்குடி!" நர்ஸ் பதறினாள்.

"அக்கா, திறந்துடுச்சு! குழந்தை பாஸாயிட்டா!" தம்பிக்கு ஒரே சந்தோஷம். இந்த முறை அக்காவால் தட்டிக்கழிக்க முடியாது.

அக்கா கதவருகே போய்க் குனிந்தாள். மூடியிருந்த கையை விரித்தாள். அதில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கிளிப் இருந்தது.

"ஐ, என் கிளிப்!" என்றது குழந்தை.

"போன வருஷம் வண்டியைத் துடைக்கும்போது இந்தத் திறக்காத கதவோரம் கிடந்துதும்மா" என்று அக்கா அதைக் குழந்தையின் முடியில் செருகிவிட்டாள். பிறகு நேராக வந்து நர்ஸின் கையில் சாவியை வைத்தாள்.

"விலை... எவ்வளவுன்னு..."

"உங்க வீட்டு வண்டிக்கு நீங்க எதுக்கு விலை குடுக்கணும்?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்கு இப்போதுதான் உறைத்தது. தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா... அப்போ எல்லாம் தெரிஞ்சேவா விளம்பரம் குடுத்தே? இவங்களைத் தேடியா?"

அக்காவின் கண்ணிலிருந்து முதல் தடவையாகப் பொலபொலவென்று கொட்டியது.

"வயிறு எரியாம இல்லடா. ஆனா, ஊரே வந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதுதே, அழறதுக்கு ஒரு இடங்கூட இல்லாம இவ எங்க நிக்கறாளோன்னுதான் அன்னிக்கு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்."