பின்பாதி

மலாய் நாட்டில், காஜா பெராங்கில் செட்டி வீட்டுக் கூடம். கண்ணாடி ஓடு வழியே உச்சிவெயில் ஏழு வாழையிலைகள்மேல் விழுகிறது. இறந்தவர்களுக்குப் போகிப் படையல். ஏழாவது இலை, வீட்டுக்காரி தெய்வானையின் போன மாதம் இறந்த மாமியாருக்கு. மூலைப் பாயில் தெய்வானையின் கணவன் காய்ச்சலில் இருமுகிறான். அழைத்ததும் எல்லோரும் வெளியேறவேண்டும்; தூக்க முடியாமல் அவனை மட்டும் உள்ளேயே விடப்போகிறார்கள். இந்த வீட்டில் மலாய்தான் பேச்சு. முன்னோரை அழைக்க மட்டும், பொருள் தெரியாமலே காத்துவரும் ஒரு பழந்தமிழ்ச் சொலவடை உண்டு. அந்த மாமியார் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்: "பசியோட வாங்க, கை வீசிப் போங்க." வந்தவர்கள் யாரையும் கூட்டிக்கொண்டு போகக்கூடாதே, அதற்குத்தான் பின்பாதி. தெய்வானை முதன்முறையாக அழைக்கிறாள்.

"பசியோட வாங்க."

அவ்வளவுதான். எல்லோரும் வெளியேறுகிறோம், கதவைச் சாத்துகிறாள். தமிழ் தெரிந்தவன், விருந்தாளியாக வந்த, தபாலாபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நான் ஒருவனே. மீதியையும் சொல்லம்மா என்று மலாயில் கெஞ்சுகிறேன். வீட்டுக்காரி சொன்னால்தானே செல்லும்.

"டியாம்!" உதட்டில் விரல் வைக்கிறாள். அவர்கள் சாப்பிடுகிறார்களாம், பேசக்கூடாதாம்.

உள்ளே இலை சரசரக்கிறது. இருமல் நிற்கிறது.

தெய்வானையின் முகம் மலர்கிறது. "தீடோர்," என்கிறாள் மெல்ல. தூங்கிவிட்டானாம்.