பலகை நிறுத்தும் ஆட்டம்

ஓர் அணி ஜெயிக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அதைக் கணக்கிடும் ஸ்கோர் பலகையே கூடைப்பந்து ஆட்டத்தை முடித்துவிடும். பொன்மாரியின் கல்லூரி அணிக்கு இப்போது இரண்டு சதவீதம். மூன்று வருஷம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கு இதுதான் கடைசி ஆட்டம்.

“அவள இறக்குனா உடனே நிறுத்திரும் பொன்மாரி,” என்றார் தலைமைப் பயிற்சியாளர் தேவசகாயம்.

“இறக்கலன்னா மட்டும் கப்பு வருதாக்கும் சார்?”

உதவிப் பயிற்சியாளர் பொன்மாரி, பதிலுக்குக் காத்திராமல் ஆள் மாற்றச் சொல்லிக் கை காட்டினாள்.

ஜெசிந்தா உள்ளே போனதும் பலகையில் வாய்ப்பு ஒன்றரை சதவீதம் ஆனது. அவள் கைக்குப் பந்து வந்ததுமே சங்கு ஊதி, பலகை அணைந்தது. நடுவர் பந்தைக் கேட்டு வந்தார். எதிரணியில் ஒருத்தி மட்டும் விரித்த கையை இறக்காமல் ஜெசிந்தாவின் முன்னால் நின்றாள்.

“ஏன் நிக்கே? போடுளா. நான் மறிக்கேன்.”