மீர்வைஸின் இரண்டாவது கல்யாணம்

நாற்பது வயதில் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தான் மீர்வைஸ். பக்கத்தில், முகம் தெரியாமல் பச்சை முக்காடு போர்த்திய கல்யாணப் பெண்.

பெஷாவரில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு, அப்போதுதான் இஸ்லாமாபாத் திரும்பியிருந்தாள் பரிகுல். கைப்பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுத்த அறைக்காரன் இப்படிச் செய்வான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மீர்வைஸின் பிள்ளைகள் நாலும் புதுச் சட்டையோடு மூலையில் உட்கார்ந்து, சர்க்கரை பூசிய பாதாமைக் கொறித்துக்கொண்டிருந்தன. அம்மாவுக்குச் சக்களத்தி வருகிறாள், இதுகளுக்குப் பாதாம் கேட்கிறது. அந்த அம்மா ஷகோஃபாவை மட்டும் எங்கேயும் காணோம்.

"ஃபவாத், பசங்க ஒருத்தர்கூட படத்துல விழக் கூடாது," என்று போட்டோக்காரனிடம் சொன்னான் மீர்வைஸ். "சுவத்துல இருக்கிற காலண்டரையும் கழட்டிடு. கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும்."

பெற்ற பிள்ளைகளை மறைக்கிறானாம். வெட்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள் பரிகுல்.

ஆப்கானிஸ்தானில், குந்தூஸில் அமெரிக்கப் படைக்கு ஐந்து வருஷம் மொழிபெயர்த்தவன் அவன். தாலிபான்கள் தேடி வந்தபோது, "அவர் செத்து நாலு நாளாச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுது, அவன் உயிரைக் காப்பாற்றியவள் ஷகோஃபா. இரண்டு வருஷம் இங்கே காத்துக் கிடந்து, இப்போதுதான் அமெரிக்கா போக நேர்காணல் வந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை. எத்தனை கல்யாணம் பண்ணினாலும் விசா ஒரே ஒரு மனைவிக்குத்தான். மற்றவளைப் போலீஸ் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

"டேய், ஷகோஃபா எங்கேடா?"

"இங்கதான் இருக்கா, அக்கா. உட்காருங்க, டீ குடிங்க."

"உன் டீயைக் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டு. வியாழக்கிழமை யாரைக் கூட்டிட்டுப் போகப்போற? அதைச் சொல்லு."

மீர்வைஸ் பச்சை முக்காட்டைக் காட்டினான். "இவளைத்தான்."

பரிகுல் விடுவிடுவென்று உள்ளே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"நாலு பெத்தவ தாலிபான்கிட்ட போகணும், நேத்து வந்தவ அமெரிக்கா போகணுமா? உனக்காகப் பொய் ஒப்பாரி வெச்சாளேடா அவ! அன்னிக்கே நிஜமா வெச்சிருக்கணும்."

கல்யாணப் பெண்ணின் தோள் குலுங்கியது.

"அழு, நல்லா அழு! இன்னொருத்தி வாழ்க்கையில மண்ணைப் போட வந்தவதானே நீ!"

"அக்கா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க," என்றான் ஃபவாத்.

பரிகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை உனக்கு முன்னாடி நான் தூதரக வாசல்ல நிப்பேன். இங்க நடந்த கல்யாணத்தை ஒண்ணு விடாம அந்த அதிகாரிகிட்ட சொல்றேன், பாரு!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அவள் படியிறங்குவதற்குள் கல்யாணப் பெண் முக்காட்டை வீசிவிட்டு ஓடி வந்து, கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பிய பவுடரும் உதட்டுச் சாயமுமாக, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றவள் ஷகோஃபா.

"சொல்லிடாதீங்க, அக்கா! தூதரகத்துல எங்க கல்யாண போட்டோ வேணுமாம். பழசுல அமெரிக்காக்காரங்க நின்னாங்கன்னு தாலிபானுக்குப் பயந்து நானே எரிச்சுட்டேன்!"