கடைசி டிரிப்பர்

தக்காளித் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில், செடிக்குச் சொட்டுவிடும் கடைசி டிரிப்பருக்குத் தன் சுத்தத்தைப் பற்றி ஒரே கர்வம். தண்ணீரோடு சாணக் கரைசல் வந்த அன்று, "சீ, நாத்தம்! இதெல்லாம் என் வாய் வழியாப் போகாது" என்று இறுக மூடிக்கொண்டது.

"அண்ணா, பூ விட்டிருக்கேனுங்க. ஒரு சொட்டாவது விடுங்க" என்று கீழே நின்ற செடி கெஞ்சியது. மறுநாள் நல்ல தண்ணீர் வந்தும், குழாயில் இன்னும் வாடை இருக்கிறதென்று டிரிப்பர் திறக்கவில்லை.

நாலாம் நாள் செடி காய்ந்தது. தோட்டக்காரி நாச்சம்மாள் அதைப் பிடுங்கி எருக்குழியில் போட்டாள்.

அடுத்த பட்டத்தில் புது நாற்று நட்டு, அந்த எருவைக் கரைத்து வடிகட்டிக் குழாயில் விட்டாள். டிரிப்பரிடம் வந்த கரைசல் மெல்லக் கேட்டது:

"அண்ணா, இப்ப நானும் நாறுறேனுங்களா? கீழே ஒரு நாத்து காத்திருக்குதுங்க."

அந்தக் குரலை டிரிப்பர் மறக்கவில்லை. வாயைத் திறந்தது. நாற்றின் அடியில் முதல் சொட்டு விழுந்தது.