ஆள்மதிப்பு

காலையிலிருந்தே ஜெபக்கனிக்குப் பிடரி வலித்தது. உப்பளத்தில் இப்போது எல்லாப் பெண்களுக்கும் அந்த வலிதான். நிறைந்த கூடையை இன்னொருத்தி தூக்கிவிட்டால்தான் தலைக்கு ஏறும். அந்தக் கடனை அவளுக்கு ஒரு கூடை தூக்கிவிட்டுத் தீர்ப்பார்கள். வேலையை அளக்கக் கம்பெனி மாட்டிய மணிக்கட்டு வளையம் வந்தபின் அந்த வழக்கம் செத்துப்போயிற்று; அவரவர் கூடையை அவரவரே தூக்கினார்கள். அடுத்தவளுக்குத் தூக்கிவிடுவது உழைப்பில்லை, சும்மா நின்ற நேரம் என்று வளையம் தூக்கிவிட்டவளின் ஆள்மதிப்பு எண்ணைக் குறைத்தது. மதிப்பு இறங்கியவளுக்கு மறுநாள் கேட் திறக்காது.

ஜெபக்கனியின் மதிப்பு விளிம்பில் நின்றது. பக்கத்துப் பாத்தியில் புஷ்பம், சுளுக்கிய கழுத்தோடு தனியாகக் கூடையைத் தூக்கித் தடுமாறினாள். யாரையும் கூப்பிடவில்லை.

ஜெபக்கனி போய்த் தூக்கிவிட்டாள். வளையம் சிவந்தது.

“ஏன்க்கா ஒங்க மதிப்ப நீங்களே கெடுக்கீங்க?” என்றான் மேஸ்திரி செல்வின். “பொருளாதாரம் படிச்சவங்க போட்ட கணக்குக்கா. ஒங்க நல்லதுக்குத்தான்.”

“அப்ப அவங்கள வந்து தூக்கிவிடச் சொல்லு.”

மறுநாள் அவள் கையை நீட்டினாள். கேட் அசையவில்லை. ஒதுங்கி நின்றாள். மற்றவர்கள் குனிந்த தலையோடு உள்ளே போனார்கள். கடைசியாகப் புஷ்பத்துக்குக் கேட் திறந்தது. அவள் நடுவாசலில் காலை அகட்டி நின்றுகொண்டாள். மூட முடியாமல் கேட் அவள் தோளில் இடித்தது.

“தள்ளு புஷ்பம்,” என்று செல்வின் கத்தினான்.

அவள் திரும்பவில்லை, கழுத்தும் திரும்பாது.

“உள்ள வாக்கா,” என்றாள். “ஒனக்கு நான் தூக்கிவிட வேண்டிய கூடை ஒண்ணு பாக்கி இருக்கு.”